முதுமலைக்குக் காரெடுக்கும் குடும்பத்தாருக்கு



பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளைப் பின்சீட்டில் ஏற்றி, டிக்கியில் தலையணையிலிருந்து முறுக்கு டப்பா வரை அடைத்துக்கொண்டு, கோவை, ஈரோடு, சேலம், சென்னை என்று எல்லாத் திசையிலிருந்தும் ஊட்டி வழியாக முதுமலைக்குக் கிளம்பும் உங்களுக்குத்தான் இந்த மடல். நான் வனத்துறை ஆள் இல்லை. சுற்றுச்சூழல் இயக்கம் எதிலும் இருப்பவளும் இல்லை. கோவையில் குடும்பம் நடத்துகிறவள். எங்கள் வீட்டுக் காரும் அந்தச் சாலையில் ஓடிய கார்தான். அதனால் உபதேசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சண்டை என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வைத்தது இ-பாஸ் பற்றிய உங்கள் புலம்பல். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய பாஸ் எடுக்க வேண்டும் என்றானது. அடுத்த ஆண்டு கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அன்றைக்குப் பிடித்தது வினை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இதே பேச்சு, அபார்ட்மென்ட் லிஃப்டில் ஏறினாலும் இதே பேச்சு. நம்ம மாநிலத்துக்குள்ள நாம போறதுக்கு விசாவா என்று கேட்கிறீர்கள்.

இதே பாஸை 2020இல் நாம் எல்லோரும் வாய் திறக்காமல் எடுத்தோம். கொரோனா ஊரடங்கின் முதல் மாதங்களில் மாவட்டம் தாண்டக் கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று காரணம் காட்ட வேண்டியிருந்தது. பத்திரிகையைப் படம் பிடித்து ஏற்றுவதும், நிராகரித்தால் திரும்ப ஏற்றுவதும், தெரிந்த அதிகாரி யாராவது உண்டா என்று நாலு பேருக்குப் போன் போடுவதுமாக இருந்தோம். செப்டம்பரில் மாவட்டங்களுக்கு இடையிலான பாஸ் நீக்கப்பட்டது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைகளுக்கு மட்டும் தொடர்ந்தது. அப்போதும் யாரும் விசா என்று சொல்லவில்லை. அன்றைக்கு உயிர்ப்பயம் நமக்கு. இன்றைக்கு ஆபத்து மலைக்கு. கசப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. மற்றதெல்லாம் அந்த வருஷம் நான் கண்டதும், அதற்குப் பிறகு அந்தக் காட்டில் நடந்ததும்.

2020 ஆயுத பூஜை விடுமுறைக்கு நாங்கள் கிளம்பியபோது கார் முகப்பில் வைத்த சந்தனம்கூடக் காயவில்லை. மார்ச்சிலிருந்து வீட்டுக்குள்ளேயே கூகுள் மீட்டைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் சுவரோடு பேச ஆரம்பித்திருந்தார்கள். என் மாமியாருக்குச் சர்க்கரை. அவரை விட்டுவிட்டுப் போகவும் பயம், கூட்டிக்கொண்டு போகவும் பயம். விடுதி எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லாததால் ஊட்டியில் கொழுந்தனார் வீட்டில் தங்கல் என்று முடிவானது. ஹோட்டல் சாப்பாடும் கிடையாது. புளிசோறும் தயிர்சோறும் தூக்குப்போசியில்.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் காருக்குள் எட்டிப் பார்த்து எல்லோர் நெற்றியிலும் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டினார்கள். அத்தையின் நெற்றியில் பட்டை விபூதி. கருவி என்ன காட்டியதோ, அந்தக் காவலர் தயங்கி, "பாட்டிம்மா, கையக் காட்டுங்க" என்றார். "எனக்குக் காச்சலெல்லாம் இல்லீங் சாமி, வெயில்ல வந்த சூடு" என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். பின்னால் நாற்பது ஐம்பது கார் நின்றிருக்கும். ஒரு ஹாரன் சத்தம் இல்லை. இதே குஞ்சப்பனையில் இன்றைக்கு பாஸ் கேட்டு நிறுத்தினால் பின்னால் வரும் ஓசையை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

மறுநாள் காலை பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்கினோம். கல்லட்டி வழி கிட்டம்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட அந்த இறக்கத்தில் பழக்கமில்லாத ஓட்டுநர்கள் உயிரை விட்டதால் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. நடுவட்டம் தாண்டி ஒரு டீக்கடை. பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டிருந்தார் கடைக்காரர், யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று. காகிதக் கப்பை ஒரு பலகையில் வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றுகொண்டார். நாங்கள் போய் எடுத்துக்கொண்டோம். அங்கேயே சோற்று மூட்டையையும் பிரித்து முடித்தாகிவிட்டது. தொரப்பள்ளி சாவடிக்கு அப்பால் காடு. உள்ளே வண்டி நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் கறார்.

தொரப்பள்ளியிலிருந்து தெப்பக்காடு வரும் வழியில்தான் அந்தக் கார். ஓரமாக நிறுத்தி, கதவு நாலையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இறங்கி நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகள். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். சாலையோரத் தடுப்பில் குரங்குக் கூட்டம். குழந்தைகள் ஆளுக்கொரு பிஸ்கட்டாக நீட்ட, தாய்க்குரங்கு ஒன்று வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டபடி வந்து வாங்கிக்கொண்டு போனது. பிஸ்கட் தீர்ந்ததும் அந்த அம்மா கைப்பையிலிருந்து சானிடைசரை எடுத்துப் பிள்ளைகளின் உள்ளங்கையில் ஊற்றி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துவிட்டார். நல்ல தாய். குரங்கிடமிருந்து பிள்ளைக்கு ஏதும் வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். பிள்ளையிடமிருந்து குரங்குக்கு ஏதும் போகுமே என்று அவருக்குத் தோன்றவில்லை. நம்மில் யாருக்குத்தான் அன்று தோன்றியது?

அடுத்த வருஷம் தோன்ற வேண்டிவந்தது. 2021 ஜூன் 3 அன்று வண்டலூர் உயிரியல் பூங்காவில் நீலா என்ற பெண் சிங்கம் செத்தது. ஒன்பது சிங்கங்களுக்குக் கொரோனா தொற்று. அதே மாதம் ஓர் ஆண் சிங்கமும் போனது. மனிதர்களிடையே அப்போது பரவிக்கொண்டிருந்த டெல்டா வகைதான் சிங்கங்களிடமும் இருந்தது. அவை காட்டுக்குப் போய்த் தேடி வாங்கி வந்த நோய் இல்லை அது.

பயம் உடனே முதுமலைக்கு ஏறியது. தெப்பக்காடு முகாமில் 28 யானைகளுக்குப் பரிசோதனை செய்தார்கள். நமக்கு மூக்கில் குச்சி விட்டதற்கே கண்ணில் நீர் வந்தது. யானைக்குத் துதிக்கையிலும் ஆசனவாயிலும் மாதிரி எடுக்க வேண்டும். பாகன் சொன்னால் படுக்கும், அசையாமல் கிடக்கும். அந்த நம்பிக்கையின் பேரில்தான் வேலை நடந்தது. எடுத்த மாதிரிகள் உத்தரப்பிரதேசத்தில் இஸத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் வரை போயின. தொற்று இல்லை என்று முடிவு வந்தது. பாகன்கள், காவடிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தடுப்பூசி போட்டார்கள். காவடி என்றால் பாகனுக்குத் துணையாக இருப்பவர். யானையைக் குளிப்பாட்டுவதும், ராகிக் களி உருட்டுவதும், காட்டில் அதன் பின்னால் நடப்பதும் அவர்கள் வேலை. பெரும்பாலும் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிக் குடும்பங்கள். களி உருண்டையைக் கையால் யானையின் வாய்க்குள் திணிக்கிறவர்களிடம் ஆறடி தள்ளி நில் என்று சொல்ல முடியுமா? அதனால் முகாமின் வாசலை நமக்கு அடைத்தார்கள். அடைத்தது சரி.

அந்த நாட்களில் இன்னொரு கதை ஓடியது, ஞாபகம் இருக்கும். மனிதன் வீட்டுக்குள் அடைந்ததும் இயற்கை குணமாகிவிட்டது, யானை ரோட்டுக்கு வந்துவிட்டது, மான் ஊருக்குள் வந்துவிட்டது என்று செல்போனுக்குச் செல்போன் படம். எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. முதுமலையை ஒட்டிய மசினகுடியில் யானை ரோட்டுக்கு வர ஊரடங்கு தேவையில்லை. அது அதன் பாதை. சீகூர் பீடபூமி வழியாகத்தான் நீலகிரி மலைக்கும் மோயாறு பள்ளத்துக்கும் நடுவே யானைகள் கிழக்கு மேற்காகப் போய்வர முடியும். ஒரு பக்கம் செங்குத்து மலை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். இடையில் இருக்கிற அந்த இடுக்கில்தான் நமக்காக விடுதி கட்டியிருந்தார்கள்.

நாங்கள் போவதற்குச் சில நாட்கள் முன்பு, 2020 அக்டோபர் 14 அன்று, உச்ச நீதிமன்றம் இந்த விடுதிகள் பற்றிய வழக்கில் தீர்ப்பு சொல்லியிருந்தது. யானை வழித்தடத்தைத் தமிழக அரசு 2010இல் அறிவித்தது சரி, அதை உயர் நீதிமன்றம் 2011இல் உறுதி செய்ததும் சரி என்றது. ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு. அதற்கு முன்பே 2018 ஆகஸ்டில் பல விடுதிகளுக்குச் சீல் வைத்தாகியிருந்தது. இவ்வளவு நடந்தும், தொற்றுக் காலத்தில் மலையடிவாரத் தங்கும் இடங்களுக்கு நல்ல கிராக்கி. கூட்டமில்லை, பக்கத்தில் ஆளில்லை, தனிக் குடில் என்பதே அன்றைய விற்பனைச் சொல். நமக்கு நாலு பேரிடமிருந்து தள்ளியிருக்க ஓர் இடம் வேண்டும்; அது யானையின் வாசற்படியாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த ஜனவரியில் என்ன நடந்தது என்று உங்களில் பலர் படத்திலேயே பார்த்திருப்பீர்கள். மசினகுடி பக்கம் ஒரு தங்குமிடத்தருகே வந்த யானையை விரட்ட எரிகிற டயரை வீசினார்கள். அது காதில் மாட்டிக்கொண்டது. காது எரிய யானை ஓடியது. முதுகிலும் காயம், காதும் கிழிந்து, ரத்தம் போய், 2021 ஜனவரி 19 அன்று தெப்பக்காடு முகாமுக்கு லாரியில் கொண்டுபோகும் வழியில் உயிர் போயிற்று. லாரியின் பின்னால் நின்று அதன் துதிக்கையைத் தடவித் தடவி அழுத வனக்காவலரின் வீடியோவை நாடே பார்த்தது. இரண்டு பேர் கைதானார்கள்.

வீசியவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் நகர மாட்டேன், ஏனென்றால் அதே ஊரில் அதே வருஷம் இன்னொரு யானையின் கதையும் நடந்தது. ரிவால்டோ என்று பெயர் வைத்திருந்தார்கள். துதிக்கையின் நுனி அறுபட்ட ஆண் யானை. பாவம் என்று பழம் போட்டார்கள். போடப் போட அது வீடுகளையும் விடுதிகளையும் தேடி வர ஆரம்பித்தது. வருகிற விருந்தாளிகளுக்கு ஒரே மகிழ்ச்சி. கடைசியில் ஆளை அண்டிப் பழகிய காட்டு யானை எந்த நேரத்தில் என்ன செய்யுமோ என்று கவலை வந்து, 2021 மே மாதம் வாழைத்தோட்டத்தில் மரக்கொட்டடிக்குள் அடைத்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி அடர்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது மறுநாளே பழைய இடத்தைப் பார்த்து நடந்து வந்துவிட்டது.

ஒன்றின் மேல் டயர் விழுந்தது, இன்னொன்றின் முன் பழம் விழுந்தது. டயரைக் கண்டு பதறுகிற நாம் பழத்தை அன்பு என்கிறோம். ஆனால் இரண்டையும் வீசிய தூரம் ஒன்றுதான். அந்தத் தூரத்துக்கு யானையை வரவழைத்தது நம் தங்கும் ஆசை. பழம் போட்டுப் பழக்கிய யானைதான் ஒருநாள் இரவில் வந்து நிற்கும். அதை விரட்டத்தான் யாராவது ஒருவர் தீயைக் கையில் எடுப்பார். குரங்குக்குப் பிஸ்கட் கொடுத்த அந்தக் குழந்தைகளை நான் குற்றம் சொல்லவில்லை. கொடுக்கச் சொன்ன பெரியவர்களைச் சொல்கிறேன்.

எங்கள் பயணத்தில் புலி வரவில்லை. வராது. சின்னவன் தெப்பக்காடு வரை ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டு, "எங்கம்மா ஒண்ணையுமே காணோம்?" என்றான். புள்ளிமான் கூட்டத்தையும் ஒரு காட்டெருமையையும் பார்த்தவன் சொன்ன வார்த்தை அது. காணாததற்கு ஒரு காரணம் சாலையின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்த உண்ணிச்செடி. மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் அலங்காரத்துக்கு வந்த அயல்செடி. இன்றைக்குப் புல் முளைக்க வேண்டிய இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டுவிட்டது. மானும் யானையும் மேயப் புல் வேண்டும். காருக்குள்ளிருந்து பார்க்கிற நமக்குப் பச்சையெல்லாம் காடு. மேய்கிற பிராணிக்கு அப்படி இல்லை.

மசினகுடியில் ஜீப்புகள் தார்ப்பாய் போர்த்தி நின்றன. என் வீட்டுக்காரரிடம் ஓர் ஓட்டுநர் பேச்சுக் கொடுத்தார். மார்ச்சிலிருந்து வண்டி நகரவில்லை, தவணை கட்ட முடியவில்லை, ரேஷன் அரிசியில்தான் வீடு ஓடுகிறது என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ராத்திரி வர்றதுன்னா சொல்லுங்க சார், யானை காட்டித் தர்றேன்" என்றார். அத்தை பின்சீட்டிலிருந்து, "ராத்திரியில அதுங்க தூங்க வேண்டாமா கண்ணு, விட்டுரு" என்றார். யானை இரவில் அதிக நேரம் தூங்குவதில்லை என்பது வேறு விஷயம். அத்தையின் தீர்ப்பு சரியானது.

அந்த ஓட்டுநரை நான் மறக்கவில்லை. கட்டுப்பாடு என்று நான் வக்காலத்து வாங்கும்போது அவர் வயிறு நினைவுக்கு வருகிறது. 2025 ஏப்ரலில் வண்டி வரம்பு வந்தபோது நீலகிரி வணிகர்கள் கடையடைத்துப் போராடினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. சீசன் இரண்டு மாதம் சம்பாதித்து வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் கோபத்தை உங்கள் கோபத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அவர்களுக்குப் பிழைப்பு, நமக்குப் பொழுதுபோக்கு. சீசனில் நாளுக்குச் சுமார் 20,000 வண்டி ஏறுகிறது என்ற கணக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. நமக்கெல்லாம் ஒரே நாளில் ஒரே மலை வேண்டும் என்பதால் வந்த கூட்டம் இது. மே கூட்டம் ஆகஸ்டில் போனால், சனிக்கிழமைக் கூட்டம் செவ்வாய்க்கிழமை போனால், அந்த ஓட்டுநருக்கு வருஷம் முழுக்க வேலை இருக்கும். இரவுச் சவாரிக்குக் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்காது.

பாஸ் முறையில் ஓட்டை இல்லாமல் இல்லை. முதல் வருஷம் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார்கள்; எண்ணிப் பார்க்கும் ஏற்பாடாக மட்டும் இருந்தது. வரம்பு வந்த பிறகுதான் அதற்குப் பல் முளைத்தது. எனக்கென்னவோ இன்னும் இறுக்கலாம் என்று படுகிறது. ஊட்டிப் பூங்காவில் பத்தாயிரம் பேர் சேர்ந்தால் புல் மிதிபடும், அவ்வளவுதான். காட்டின் நடுவே போகும் சாலையில் ஆயிரம் கார் தொடர்ந்து போனால் ஒரு யானைக் கூட்டம் சாலையைக் கடக்க இருட்டும் வரை காத்து நிற்க வேண்டும். பக்கத்துப் பந்திப்பூரில் 2009 முதல் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை சாலையை அடைக்கிறார்கள். அப்போதும் எத்தனையோ எதிர்ப்பு. இன்றைக்கு மைசூர் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பப் பழகிவிட்டார்கள்.

ஆகவே, போங்கள். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை. 1940இல் சரணாலயமாகத் தொடங்கி, 2007இல் புலிகள் காப்பகமான காடு அது. நம் பிள்ளைகள் பார்க்க வேண்டிய காடு. தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் உள்ளே போய்ப் பாருங்கள். முகாமில் யானைக்குக் களி ஊட்டுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாகனிடம் யானையின் பெயரைக் கேட்பதோடு அவர் பெயரையும் கேளுங்கள். தங்க இடம் பார்க்கும்போது நீச்சல்குளம் உண்டா என்று கேட்கிற அதே வாயால் உரிமம் உண்டா, வழித்தடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். நாலு குடும்பம் கேட்டால் சொல்லாமல் மழுப்புவார்கள், நாற்பது குடும்பம் கேட்டால் காகிதத்தைக் காட்டுவார்கள். இரவுச் சவாரிக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பணத்தைப் பகல் சவாரிக்குச் சேர்த்துக் கொடுங்கள். தண்ணீர் பாட்டிலைக் கீழேயே விட்டுவிட்டு வீட்டுச் செம்பையோ போசியையோ கொண்டுபோங்கள். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, குடிநீர் பிடிக்க எந்திரம் வைத்திருக்கிறார்கள். குரங்கின் பக்கம் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பாதீர்கள்.

பாஸ் எடுக்கக் கட்டணம் கிடையாது. வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள், எங்கே தங்கல் என்பது போலச் சில விவரம்தான் கேட்கிறார்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு குடும்பத் தலைவி